ஓர் ஏந்தல், இருபது வீடு

தேவிபட்டினத்துக்கு வருகிறவர்கள் கடலைப் பார்த்தே வருகிறார்கள். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அலை அடங்கிய பாக் நீரிணையில், கரைக்குச் சற்றே உள்ளே நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வணங்கி, நவபாஷாணத்தில் நீராடி, இராமேசுவரத்துக்கோ திருப்புல்லாணிக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ஊர் கொள்ளாத கூட்டம். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடப்பவர் மட்டும் அபூர்வம்.

அப்படி ஒரு மணி நேரம் நடந்தால் வேறொரு நாடு தெரியும். முதலில் மணல். பிறகு புல்லும் சரியாக முளைக்காத களர்த் தரை. அதன் பிறகு வரப்பு கட்டிய வயல்கள். வயல்கள் முடிகிற இடத்தில் பனைகள் வரிசையாக நிற்கும் நீண்ட மண் கரை. கரையின் ஒரு மூலையில், மழைக்காலத்திலும் தண்ணீர் கட்டாத சற்று மேடான இடத்தில், இருபது முப்பது வீடுகள், ஓர் ஊரணி, ஒரு களம், கரைமேல் ஓர் ஐயனார் கோவில். இந்தக் கடற்கரையின் விவசாயக் குக்கிராமம் இதுதான். இராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் இடையே இத்தகைய சிற்றூர்கள் ஏராளம். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்தது போலவே இருக்கும். ஆனால் எந்த ஊரும் தற்செயலாக அந்த இடத்தில் அமைந்துவிடவில்லை. ஏன் அங்கே அமைந்தது, ஏன் இருபது வீட்டுக்கு மேல் வளரவில்லை என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை ஊரார் மறந்துவருவதால் நஷ்டமும் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இவற்றுக்கு என்று தனி வரலாறு எழுதியவர் எவரும் இல்லை. சர்க்கார் கணக்கில் இவை உட்கடைக் கிராமங்கள். பல குக்கிராமங்கள் சேர்ந்து ஒரு வருவாய்க் கிராமம் ஆகிறது. ஜனத்தொகைக் கணக்கு, சாகுபடிக் கணக்கு எல்லாம் அந்த வருவாய்க் கிராமத்தின் பெயரிலேயே எழுதப்படுகின்றன. ஆகவே அச்சிட்ட புத்தகத்தில் இந்த ஊர்களைத் தேடினால் கிடைக்காது. தரையிலும் பெயரிலும்தான் தேட வேண்டும்.

பெயர் சொல்லும் சேதி

இராமநாதபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கழுகூரணி, காட்டூரணி, நொச்சியூரணி, இரட்டையூரணி. பெருவயல், அச்சுந்தன்வயல், எட்டிவயல். பரமக்குடிப் பக்கம் போனால் அரியனேந்தல். ஊரணி என்பது குடிநீருக்காக வெட்டியது. வயல் என்பது விளைநிலம். ஏந்தல் என்பது ஆழமில்லாத சிறு நீர்நிலை. மழைத் தண்ணீரை ஏந்திக் கொள்வது. வட ஜில்லாக்காரர்கள் ஏரி என்று சொல்வதை இங்கே கண்மாய் என்பார்கள். கண்மாயில் சிறியது ஏந்தல் என்று கொள்ளலாம். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இந்த ஏந்தல் என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு. ஊரின் பெயரே நீர்நிலையின் பெயராக இருக்கிறது. முதலில் ஏந்தல் வந்தது, பிறகே வீடு வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கடற்கரை ஓரமாகப் போனால் பெயர் மாறிவிடும். தேவிபட்டினம், பெரியபட்டினம், புதுப்பட்டினம் என்று பட்டினங்கள் வரும். உப்பூர் என்ற பெயருக்கு விளக்கமே தேவையில்லை. கடலை நம்பியவர்கள் பட்டினத்தில் இருந்தார்கள். மழையை நம்பியவர்கள் ஏந்தலில் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மைல் தூரம்தான்.

தரையின் சாய்வு

இந்த மாவட்டம் தட்டையான பூமி. கண்ணுக்குச் சாய்வு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பொதுவாக மேற்கும் வடமேற்கும் சற்று உயரம். கிழக்கும் தென்கிழக்கும் தாழ்வு. மேற்கே பெய்யும் மழை கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. அதைக் குறுக்கே மறித்துக் கிழக்குப் பக்கம் பிறை போல் மண் கரை போட்டால் ஒரு கண்மாய். அந்தக் கண்மாய் நிரம்பி வழியும் தண்ணீரைக் கொஞ்சம் கீழே இன்னொரு கரை போட்டு மறித்தால் அடுத்த கண்மாய். இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலி போலக் கண்மாய்கள் அமைந்துள்ளன. சங்கிலியின் கடைசி வளையம்தான் தேவிபட்டினத்துக்குப் பின்னால் இருக்கும் ஏந்தல்கள். அவற்றுக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே களர், களருக்குக் கீழே கடல்.

மண்ணும் இதே வரிசையில் மாறுகிறது. உள்ளே கரிசலும் களிமண்ணும். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்தால் கால் நுழையும் அளவு வெடிக்கும். கடலை நெருங்க நெருங்க உப்பு ஏறும். நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். மணல் மேடுகளில் மட்டும் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால், ஆழமில்லாத ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆழமாகத் தோண்டினால் அதுவும் உப்பாகிவிடும். கிணறு வெட்டிப் பாசனம் செய்யலாம் என்ற எண்ணம் இங்கே எடுபடாமல் போனதற்குக் காரணம் இதுவே. மேலே விழுவதைச் சேர்த்து வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மேலே விழுவது எவ்வளவு? மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 820 மில்லிமீட்டர். இதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 500 மில்லிமீட்டர் அளவு, ஐப்பசி முதல் மார்கழி வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அதுவும் நிதானமாகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தம் உண்டானால் இரண்டு நாளில் கொட்டும். பிறகு இரண்டு வாரம் வானம் வெளுத்துக் கிடக்கும்.

ஒரு சிறு கணக்கு

விவசாயிகள் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன். ஏனெனில் குக்கிராமம் ஏன் குக்கிராமமாகவே இருக்கிறது என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு விதைப்பு முதல் அறுவடை வரை 1,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பருவத்தில் வயலிலேயே நேராக விழுவது 500. மீதி 500 வெளியிலிருந்து வர வேண்டும். காலி நிலத்தில் விழும் மழை முழுவதும் ஓடி வருவதில்லை. மண் குடித்தது போக ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் அதிகம். 500 மில்லிமீட்டர் மழையில் 100 ஓடிவரும் என்று கொண்டால், ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஐந்து ஏக்கர் தரையின் ஓட்டம் தேவை. கண்மாயில் நிற்கும்போது வெயிலில் ஆவியாவது, தரையில் கசிவது என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால், ஐந்து ஏக்கர் ஏழரை ஏக்கராகிவிடும்.

ஆக, 100 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஓர் ஏந்தலுக்கு 750 ஏக்கர் நீர்பிடி தரை வேண்டும். ஒரு சதுர மைலுக்கு மேல். மேல் கண்மாயின் உபரி வந்தால் இதில் கொஞ்சம் குறையும். மழை குறைந்தால் கூடும். 100 ஏக்கரை வீட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் என்று பிரித்தால் இருபது, இருபத்தைந்து வீடு. அவ்வளவுதான் அந்த ஏந்தல் தாங்கும். ஐம்பது வீடு ஆனால் பாதிப் பேர் வேறு இடம் பார்க்க வேண்டும். பழைய ஊர்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதும், நடுவே வெறும் பொட்டலாகத் தெரியும் தரை கிடப்பதும் இதனால்தான். அந்தப் பொட்டல் சும்மா கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஊரின் தண்ணீர்த் தொட்டி. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அங்கே விழுவது ஒரு லட்சம் லிட்டர்.

இந்தக் கணக்கைப் பழையவர்கள் தாளில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நிலத்தை அவர்கள் அளந்த முறையைப் பாருங்கள். சேதுபதி காலத்துச் சாசனங்களில் நிலம் விரையடிக் கணக்கில் வருகிறது. இத்தனை கலம் விதை விதைக்கும் நிலம் என்று பொருள். நீள அகலத்தைவிட விதைக்க முடிவது எவ்வளவு என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

கரையும் மடையும்

கண்மாயின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிந்திருப்பது இளைஞர்களுக்கு நல்லது. வழக்கு வந்தால் உதவும். தண்ணீர் வரும் வழி வரத்துக்கால். தண்ணீர் நிற்கும் உட்பரப்பு உள்வாய். வயலுக்குத் திறக்கும் வழி மடை. நிரம்பியதும் வழியும் இடம் கலுங்கு. வழிந்தது செல்லும் பாதை மறுகால். மேல் கண்மாயின் மறுகாலே கீழ்க் கண்மாயின் வரத்துக்கால் ஆகும்.

பழைய கலுங்குகளில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழை முடியும் தறுவாயில், அந்தக் கற்களுக்கு இடையே மண்ணையும் வைக்கோலையும் அடைத்து, ஒரு முழம் தண்ணீரை அதிகமாகத் தேக்குவார்கள். எத்தனை நாள் அடைக்கலாம், எப்போது திறக்க வேண்டும் என்று மேலூருக்கும் கீழூருக்கும் மாமூல் உண்டு. மாமூல் மீறினால் சண்டை. கீழூர்க்காரன் அடைத்ததை இரவில் வந்து பிடுங்கிவிட்டுப் போவதும் உண்டு. இருபது வீட்டு ஊருக்கும் ஒரு வெளிவிவகாரம் இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடுவதற்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். நிலத்துக்காரர்கள் தாங்களாகத் தண்ணீர் திருப்பக்கூடாது. அவருக்குச் சம்பளம் கிடையாது. அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். இந்தப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். தண்ணீர் நன்றாகப் பாய்ந்து விளைந்தால் அவருக்கும் கூடுதல். காய்ந்தால் அவருக்கும் இல்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிதாகவும் விரியும் என்பதற்கு வடமேற்கே இருக்கும் ராஜசிங்கமங்கலம் கண்மாயே போதும். ராஜசிம்மன் என்ற பாண்டிய மன்னன் பெயரால் அமைந்தது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது ஊர் வழக்கு. நாற்பத்தெட்டு மடைகளையும் கடந்து ஒரே மூச்சில் நாரையாலும் பறக்க முடியாதாம். அவ்வளவு நீளமான கரை. ஆனால் இந்தச் சீமையில் பெரும்பாலான குடியானவர்களின் வாழ்வு ஒரு மடை, இரண்டு மடை ஏந்தல்களில்தான் நடந்தது. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை இத்தகைய சிறு நீர்நிலைகளே.

வைகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. வெள்ளக் காலத்தில் உபரி மட்டுமே ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் அகழாய்வு செய்து, ரோமானியக் காசுகளையும் பானை ஓடுகளையும் எடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரைக்குக் கப்பல் வந்திருக்கிறது. துறைமுகம் இருந்தால் அதற்குச் சோறு போட்ட வயல் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் வயல் எதையும் புதைத்து வைப்பதில்லை.

சேதுபதிகள் காலம்

சேது யாத்திரை வழியைக் காப்பவர்கள் என்ற பொருளில் சேதுபதி என்ற பட்டம் பெற்ற மறவர் மன்னர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தச் சீமையை ஆண்டார்கள். முதலில் போகலூர் தலைநகர். கிழவன் சேதுபதி காலத்தில் இராமநாதபுரம் தலைநகராயிற்று. கோவிலுக்கும் மடத்துக்கும் சத்திரத்துக்கும் அவர்கள் விட்ட நிலங்கள் ஏராளம். தேவிபட்டினம் சாலையில் உள்ள பெருவயல் முருகன் கோவில், சேதுபதியின் தளவாயாக இருந்த வயிரவன் சேர்வைக்காரர் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. கோவில் கட்டினால் கூடவே வயல், வயல் என்றால் கூடவே கண்மாய் என்பதே அக்காலத்து வழக்கம்.

சேதுபதிகள் வெட்டிய கால்வாய்களில் இரண்டின் பெயர் ரகுநாத காவேரி, நாராயண காவேரி. காவேரி ஓடாத நாட்டில் வாய்க்காலுக்குக் காவேரி என்று பெயர் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில் உண்மையான காவேரியே இந்த மாவட்டத்துக்கு வந்தது. குடிக்க மட்டும், வயலுக்கு அல்ல.

1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் பதவி நீக்கினார்கள். 1803இல் சாசுவத நிலவரித் திட்டத்தின்கீழ் இராமநாதபுரம் ஜமீன் ஆயிற்று. ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையைச் சர்க்காருக்குக் கட்டிவிட வேண்டும். மழை பெய்தாலும் காய்ந்தாலும் தொகை மாறாது. ஏந்தலின் கதி இந்த இடத்தில்தான் திரும்புகிறது என்பது என் அபிப்பிராயம். 19ஆம் நூற்றாண்டில் ஜமீன் வழக்கிலும் கடனிலும் சிக்கியது. பெரிய கண்மாய்க்கே பணம் இல்லாதபோது இருபது வீட்டு ஏந்தலின் கரையைப் பார்ப்பவர் யார்? குடிமராமத்து என்று ஊரார் கூடிச் செய்த வேலைதான் அதைக் காப்பாற்றி வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் 1858இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமே போட்டார்கள். வழக்கமாக நடந்த காரியத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், வழக்கம் அப்போதே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமையிலிருந்து தொண்டி, அம்மாபட்டினம் துறைகள் வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் படகேறியவர்கள் பலர். கிழக்கே கடல் தாண்டினால் கூலி. மேற்கே போனால் மதுரை. நடுவே உடைந்த கரை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது; 1949இல் இராமநாதபுரம் ஜமீன் சர்க்கார் கைக்கு மாறியது. குடியானவருக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. நிலம் ரயத்துவாரி முறைக்கு வந்தது. சர்க்கார் பட்டா கிடைத்தது. கண்மாயும் சர்க்காருடையது ஆயிற்று. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பிரித்தார்கள். ஏந்தல்களில் பெரும்பாலானவை ஒன்றியத்தின் பங்கில் விழுந்தன. ஒன்றியத்துக்குப் பள்ளிக்கூடம், ரோடு, குடிநீர் என்று நூறு வேலை. இதற்கு நடுவே, கண்மாய் சர்க்காருடையது, மராமத்தும் சர்க்கார்தான் செய்ய வேண்டும் என்று ஊராரும் ஒதுங்கிக்கொண்டார்கள். இருவருமாகச் சேர்ந்து விட்டுவிட்டார்கள் என்பதே நேர்மையான தீர்ப்பு.

புழுதியில் விதைத்து

சாகுபடி முறை மட்டும் அவ்வளவாக மாறவில்லை. ஆவணி, புரட்டாசியில் கோடை உழவு செய்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். தண்ணீரைப் பார்த்து நாற்று விடுவது இங்கே சரிப்படாது. கண்மாய் நிரம்புவதற்குள் பருவம் போய்விடும். முதல் மழையில் விதை முளைக்கும். பயிர் ஒரு மாதம் மானாவாரியாக நிற்கும். கார்த்திகையில் கண்மாய் பெருகினால் பிற்பாதிக்குப் பாய்ச்சல் கிடைக்கும். தையில் அறுப்பு. பாதி மானாவாரி, பாதி நஞ்சை என்ற இந்த முறையைத் தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் சூதாட்டம் என்பார்கள். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற முறை இதுதான்.

சித்திரைக்கார், நூற்றிப்பத்து, குருவிக்களஞ்சியம், வரப்புக்குடைஞ்சான் முதலியவை இந்தப் பூமியின் பழைய ரகங்கள். வறட்சியைத் தாங்கும், வைக்கோல் நிறையத் தரும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கு என்றே ரகங்களை வெளியிட்டது. 2009இல் வந்த அண்ணா 4 சுமார் 100 முதல் 105 நாளில் அறுப்புக்கு வரும். இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் உள்ளது. களர், உவர் நிலம் வைத்திருப்பவர்கள் மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்து ஆலோசனை பெறலாம்.

நெல் எடுபடாத மேட்டு நிலத்தில் மிளகாய், பருத்தி. உருண்டையான முண்டு மிளகாய்க்கு 2023இல் இராமநாதபுரத்தின் பெயரால் புவிசார் குறியீடு கிடைத்தது. காசு தரும் பயிர் என்று பார்த்தால் குக்கிராமத்துக்கு மிளகாய்தான், நெல் வீட்டுக்கு.

வரத்துக்கால் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உங்கள் வரத்துக்கால் எங்கே என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தகப்பனார் காலத்துக் காலைச் சொன்னார். ஒருவர் இப்போது தண்ணீர் எப்படியோ வருகிற பள்ளத்தைச் சொன்னார். மூன்றாமவர் ரோட்டுப் பாலத்தைச் சொன்னார். கரை நன்றாகவே இருந்தது. மடை புதிதாகச் சிமெண்டில் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர்தான் இல்லை.

இப்போது நடக்கும் தவறு பெரும்பாலும் இதுவே. கண்மாய் வேலை என்றால் கரையையும் மடையையும் பார்க்கிறோம். ஏழரை ஏக்கர் கணக்கை மறந்துவிடுகிறோம். பொட்டலாகக் கிடந்த நீர்பிடி தரையில் வீட்டு மனைக் கல் நடுகிறார்கள். மண் அள்ளிய குழிகள் வழியிலேயே தண்ணீரை நிறுத்திக்கொள்கின்றன. வண்டிப்பாதை வரத்துக்காலை மேவிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காகக் கடலை ஒட்டியே போகிறது. தண்ணீரோ மேற்கிலிருந்து கிழக்கே போவது. ஆகவே ஒவ்வொரு மறுகாலும் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒரு பாலத்தின் கண் அடைபட்டால், மேலே உள்ள வயல் மழைக்காலத்தில் மூழ்கி அழுகும். அதே ஊர் பங்குனியில் குடிதண்ணீருக்கு அலையும்.

சீமைக்கருவேலைப் பற்றிச் சொல்லாமல் இராமநாதபுரம் கட்டுரை முடியாது. விறகுக்கும் வேலிக்கும் ஆகட்டும் என்று கொண்டுவந்தது உள்வாயிலும் வரத்துக்காலிலும் புகுந்துவிட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் அரசு அயல் தாவர ஒழிப்புக்குக் கொள்கை வகுத்தது. மரம் வெட்டிய இடத்தில் தூரைப் பெயர்க்காவிட்டால் இரண்டு மழையில் திரும்ப வந்துவிடுகிறது. அதே சமயம், நெல் பொய்த்த ஆண்டுகளில் இந்த மரத்தைக் கரி மூட்டம் போட்டே பல குடும்பங்கள் கஞ்சி குடித்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2016இல் தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை 62 சதம் குறைந்தபோது கைகொடுத்தது கரிதான். வயல் ஓரத்தில், சொந்தத் தரிசில் இருந்தால் இருக்கட்டும், வரத்துக்காலில் இருக்கக்கூடாது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2016-17இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் மீண்டும் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல ஏந்தல்கள் தூர் வாரப்பட்டன. கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும்படி 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. வண்டலை எடுப்பவர்கள் மடைக்கும் கரைக்கும் பக்கத்தில் தோண்டாமல், உள்வாயில் பரவலாக ஒரே மட்டமாக எடுக்க வேண்டும். பள்ளமாகத் தோண்டினால் மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மாட்டுக்கு உதவுமே தவிர வயலுக்கு வராது.

ஊரின் கணக்கைத் தேடுவது

தங்கள் சிற்றூரின் நிலத்தையும் வரலாற்றையும் அறிய விரும்புகிறவர்கள் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதும், புறம்போக்கு என்றால் கண்மாயா, வாய்க்காலா, களமா என்பதும் அதில் இருக்கும். வாய்க்கால் என்று பதிவான எண்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கிராம வரைபடத்தில் அவற்றை வண்ணப் பென்சிலால் தொடர்ந்து வரைந்தால், வரத்துக்கால் எந்த ஊர் எல்லையிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பக்கத்து வருவாய்க் கிராமத்தில் தொடங்கும். ஆகவே அந்தக் கிராமத்தின் வரைபடமும் வேண்டும். அ பதிவேட்டு விவரங்களையும் புல வரைபடத்தையும் இப்போது இணையத்திலும் பார்க்க முடிகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. எனவே பழைய பதிவேட்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பழையதில் வாய்க்காலாக இருந்தது புதியதில் வேறாக இருந்தால், மனுவில் இரண்டு எண்களையும் எழுத வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் இடம் எது என்று காட்ட முடியாதவருக்குச் சட்டத்தால் பயனில்லை.

அடுத்த வேலை நடப்பது. புரட்டாசி பிறப்பதற்குள், வயதானவர் ஒருவரையும் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ஏந்தலிலிருந்து மேல் கண்மாயின் கலுங்கு வரை வரத்துக்காலின் வழியாகவே நடந்து பார்க்க வேண்டும். அடைப்பு எங்கே, மேவியது எங்கே, பாலம் எங்கே என்று குறித்துக்கொண்டால், ஒன்றியத்துக்கு மனுக் கொடுக்கும்போது 'கண்மாயைச் சீர்செய்து தர வேண்டும்' என்று பொதுவாக எழுத வேண்டியிருக்காது. எந்த சர்வே எண்ணில் எத்தனை அடி நீளத்துக்கு வேலை என்று எழுதலாம். அப்படிப்பட்ட மனுவை ஒதுக்கி வைப்பது அலுவலகத்துக்கும் கடினம்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஏந்தலில் முதல் தண்ணீர் விழுந்த தேதி, கலுங்கு பாய்ந்த தேதி, கடைசி மடை அடைத்த தேதி மூன்றையும் வருஷா வருஷம் எழுதி வரலாம். கலுங்குக் கல்லில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பதையும் சாணளவில் குறித்தால் போதும். பள்ளிக்கூடப் பையன்கள் செய்யக்கூடிய வேலை. பஞ்சாயத்து அலுவலகத்திலோ கோவில் பெட்டியிலோ அந்த நோட்டை வைத்துக்கொள்ளலாம்.